பிஹெச் கணக்கு: முதலில் வேலி, அப்புறம் லாக்

ரிசல்ட் சூடு ஆறுவதற்குள் அடுத்த செட்டுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். லிட்மஸ் நிறத்தில் யாரும் மார்க் விடுவதில்லை. விடுவது கழித்தலில்.

பிஹெச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக்கை (10 அடிமான மடக்கையை) எதிர்க்குறியோடு எடுத்தது. அந்தச் செறிவு 4 × 10⁻⁵ மோலார் என்று கேள்வி. லாக்கைத் தொடும் முன்பே ஓரத்தில் "4, 5" என்று எழுதிவிடுங்கள். முன்னால் நிற்கும் எண் 1க்கும் 10க்கும் இடையில் இருந்தால் விடை இந்த வேலிக்குள்தான் விழும். 5 − 0.602 = 4.398. அவசரத்தில் கூட்டி 5.602 என்று போட்டால் வேலி தாண்டியது கண்ணிலேயே படும். மூன்று விநாடி வேலை. வேறெந்தக் குறுக்குவழியும் இதற்கு ஈடாகாது. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771. இந்த இரண்டும் மனப்பாடமானால் 4, 5, 6, 8, 9 தானாக வரும்.

சறுக்கும் இடங்கள்:

- 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு: 3 என்பது பிஓஹெச் (ஹைட்ராக்சைடு அயனிக்குப் போடும் அதே கணக்கு). இரண்டின் கூட்டுத்தொகை 14, ஆகவே பிஹெச் 11.
- 0.005 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடு: ஒன்று இரண்டு ஹைட்ராக்சைடு அயனி தரும், இரண்டால் பெருக்க மறப்பார்கள். விடை 12.
- 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: 8 என்று எழுதினால் அமிலம் காரமாகிவிடும்! தண்ணீர் தரும் அயனியையும் சேர்த்தால் 6.98. (பிளஸ் டூவுக்கு.)
- பிஹெச் 2, பிஹெச் 4 கொண்ட வலிமைமிகு அமிலங்களைச் சம அளவில் கலந்தால் 3 வராது, 2.3.

கடைசியது ஏன்? பிஹெச் ஒரு படி மாறினால் அயனி பத்து மடங்கு மாறும். புரியாதவர்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளை (தோல் பதனிடும் ஆலைகளை) நினைத்துப் பாருங்கள். முடி நீக்கச் சுண்ணாம்பில் தோல் ஊறும்போது பிஹெச் 12.5 பக்கம். அம்மோனியம் உப்பால் சுண்ணாம்பை எடுத்து, பிறகு உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து 3க்கு இறக்குவார்கள். உப்பில்லாமல் அமிலம் மட்டும் போட்டால் தோல் உப்பிப்போகும். மொத்தம் ஒன்பதரைப் படி. ஹைட்ரஜன் அயனி சுமார் 300 கோடி மடங்கு. தோலைப் பதனிடும் குரோம் உப்பு உள்ளே இறங்கியதும் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 3.8க்கு ஏற்றுவார்கள். பார்க்க அற்பமான 0.8தான், ஆனால் அயனி ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒரேயடியாகக் கொட்டினால் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக் கறை விழும்.

இன்னொன்று: பிஹெச், பிஓஹெச் கூட்டுத்தொகை 14 என்பது 25 டிகிரி செல்சியஸுக்கு மட்டும். வேலூர் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொட்ட தண்ணீருக்கு அது 13.54, நடுநிலைப் புள்ளி அதில் பாதி, 6.77. கேள்வியில் வெப்பநிலை கொடுத்திருந்தால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள்.