அனுப்புநர் இல்லாத இன்லேண்டு

2001-இல் நெல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்தபோது, மாடுங்காவில் தங்கியிருப்பதாக அம்மாவிடம் சொல்லிவைத்தேன். உண்மையில் படுத்தது தாராவியில், ஒரு தோல் பட்டறையின் பரணில். பகலில் கீழே பை தைக்கும் மெஷின்கள் ஓடும், ராத்திரி மேலே ஏழு பேர். மாடுங்கா என்றால் ஊரில் ஆபீஸ் வேலை என்று நினைப்பார்கள். தாராவி என்றால் அம்மா அழுவாள். இரண்டுக்கும் நடக்கிற தூரம்தான் என்பது அவளுக்கு எங்கே தெரியும்!

அதனால் இன்லேண்டு லெட்டரின் பின்பக்கம் அனுப்புபவர் முகவரிக்கென்று விட்டிருக்கும் கோடுகளைத் தொடவே மாட்டேன். தபால் முத்திரையில் தாராவி என்று விழுந்து மாட்டிவிடுமோ என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மாடுங்கா வரை நடந்துபோய் அங்கிருந்த பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். ஊரில் அந்த முத்திரையை யாரும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லையாம்.

அனுப்புநர் முகவரி இல்லாமலும் சாதாரணத் தபால் போகும். எழுதிய விலாசம் சரியாக இருந்தால் வம்பில்லை. அந்தத் தீபாவளிக்கு எழுதியதில் அவசரத்தில் பின்கோடு விட்டுப்போனது. எங்கள் மாவட்டத்திலேயே எங்கள் ஊர்ப் பெயரில் இன்னொரு ஊர் உண்டு. இப்படி ஒரே பெயரில் பல ஊர், ஆளுக்கொரு மொழியில் விலாசம் என்று தபால்காரர்கள் திண்டாடியதால்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடே வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி வகுத்த ஆறு இலக்கம். எங்கள் பக்கத்து எண்கள் 627 என்று தொடங்கும், தாராவி 400017. அந்த மூன்று இலக்கமாவது எழுதியிருந்தால் மாவட்டம் வரையாவது போயிருக்கும்.

சேராத கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். அனுப்பியவர் யாரென்றே தெரியாவிட்டால் ஆர்.எல்.ஓ., அதாவது ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ் என்கிற தபால் அலுவலகத்துக்குப் போய்விடும். முன்பு அதை டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள். உள்ளே விலாசம் ஏதும் இருக்கிறதா என்று அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். என் கடிதத்தில் என்ன இருந்திருக்கும்? 'அன்புள்ள அம்மாவுக்கு, நான் இங்கு நலம்.' அதை வைத்து யாரைத் தேடுவார்கள், பாவம்.

பொய் உடைந்தது மணியார்டரில். முதல் முறையாக ஐந்நூறு ரூபாய் சேர்ந்திருந்தது. இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன், ஆக இருபத்தைந்து தனியாக எடுத்துவைத்திருந்தேன். படிவத்தை நீட்டினால் கவுன்டரில் இருந்த பெண்மணி அப்படியே திருப்பித் தள்ளினார். "பேஜ்னே வாலே கா பத்தா கிதர் ஹை?" அனுப்புகிறவர் விலாசம் எங்கே என்கிறார். ஊரில் பணம் கொடுத்ததும் அம்மாவின் ஒப்புதல் சீட்டு யாருக்கு வரும்? அனுப்பியவனுக்குத்தானே. விலாசம் இல்லாமல் அது எங்கே வரும்? பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வியர்த்த கையோடு பட்டறை அண்ணாச்சி பெயரை எழுதி, கேர் ஆஃப் போட்டு, தாராவி என்று முடித்தேன்.

சீட்டு வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுதான். தபால்காரரின் மைப்பெட்டியில் அழுத்தி எடுத்த பெருவிரல். ஒரு பக்கம் அப்பிக்கொண்டு, மறுபக்கம் ரேகை தெளிவாக. சாட்சிக் கையெழுத்து டீக்கடை மாமாவுடையது. பரணில் பல்பு வெளிச்சத்தில் அதை ரொம்ப நேரம் வைத்திருந்தேன். மை காய்ந்து பல நாள் ஆகியிருக்கும், ஆனாலும் தொடப் பயமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு கனத்த கவர். பக்கத்து வீட்டு டீச்சரின் கையெழுத்தில் தாராவி விலாசம். உள்ளே நாலு இன்லேண்டு. நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அம்மா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிய பதில்கள். ஒன்றில் நீல மை, ஒன்றில் பென்சில். நாலிலும் விலாசம் எழுதும் இடம் காலி. கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு:

"ஏலே, தீவாளிக்கு ஏன் எழுதல? இந்த நாலும் அரிசிப் பானை மேல கெடந்துது, எங்க அனுப்பன்னு தெரியல."

தாராவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.