சியாங் மாய்: வெள்ளித் தெருவுக்குப் போகாத சனிக்கிழமை

தேதியைக் குறித்தவள் மகள்தான். ஜூலை முதல் வாரம். மழைக்காலம், கூட்டம் இருக்காது, அறை வாடகை குறைவு என்று மூன்று காரணம் சொன்னாள். நாலாவது காரணத்தை சியாங் மாய் வந்து இறங்கி இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில்தான் அவிழ்த்துவிட்டாள்.

"நாளைக்கு இங்க இந்தியா மேட்ச் இருக்குப்பா. தாய்லாந்தோட."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாய்லாந்தில் யார் கிரிக்கெட் ஆடுகிறார்கள்? அதை வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். கல்லூரிக் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக் ஆடுகிற பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வி.

ஆசியக் கோப்பை மகளிர் கால்பந்துக்கான தகுதிச்சுற்று. ஐந்து நாடுகள் கொண்ட ஒரு பிரிவு முழுவதையும் சியாங் மாயிலேயே நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இந்தியப் பெண்கள் மங்கோலியாவை 13-0, கிழக்குத் திமோரை 4-0, ஈராக்கை 5-0 என்று அடித்து முடித்திருந்தார்கள். தாய்லாந்தும் தன் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்தது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். 2025 ஜூலை 5, சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் கோப்பை நடக்கும் ஆஸ்திரேலியாவுக்குப் போவார்கள். மற்றவர் வீட்டுக்கு.

சிக்கல் என்னவென்றால், சியாங் மாயில் சனிக்கிழமை மாலை என்பது என் மனைவியின் கணக்கில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பழைய நகரத்துக்குத் தெற்கே வுவாலாய் என்று ஒரு தெரு. பரம்பரையாக வெள்ளி வேலை செய்பவர்களின் தெரு அது. சனிக்கிழமை மாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு முழுவதையும் சந்தையாக்கிவிடுவார்கள். அதற்காகவே ஒரு பையைக் காலியாகக் கொண்டுவந்திருந்தாள். கடைசியில் ஒரு சமாதானம் பேசினோம். மனைவி சந்தைக்கு, நானும் மகளும் மைதானத்துக்கு. உண்மையைச் சொன்னால், எனக்கும் மனசு சந்தைப் பக்கம்தான் இருந்தது.

சனிக்கிழமை பகலை ஊருக்குள்ளேயே கழித்தோம். பழைய நகரம் ஒரு சதுரம். சுற்றிலும் அகழி, இடையிடையே இடிந்த செங்கல் மதில். மத்தியில் இருக்கும் செதி லுவாங் கோயிலின் கோபுரம் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிலநடுக்கத்தில் தலை இழந்தது. தலை இல்லாமலே அது நிற்கும் கம்பீரத்துக்காக இன்னொரு முறை போகலாம். மதியம் காவ் சோய். தேங்காய்ப்பால் விட்ட குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே அதே நூடுல்ஸைப் பொரித்துத் தூவி, பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாயும் நறுக்கிய சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் வைக்கிறார்கள். குழம்பு கிட்டத்தட்ட நம்மூர்க் குருமா. நான் இரண்டு கிண்ணம்.

நாலரை மணிக்கு சிவப்பு சோங்தேவ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினோம். சோங்தேவ் என்றால் ‘இரண்டு வரிசை’ என்று பொருளாம். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்ட சின்ன லாரி, நம்ம ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன். "ஸ்டேடியம், ஃபுட்பால்" என்றோம். ஓட்டுநர் உற்சாகமாகத் தலையாட்டிக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஊருக்குள்ளேயே இருக்கும் நகராட்சி மைதானம். வாசலில் ஒரு நாய், உள்ளே நடைப்பயிற்சி போகும் நாலு பெரியவர்கள். இந்தியாவும் இல்லை, தாய்லாந்தும் இல்லை. மகள் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்ட, அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

சரியான இடம் ஊருக்கு வடக்கே, கால்வாயை ஒட்டிய சாலையில் இருக்கிறது. 700-வது ஆண்டு நிறைவு மைதானம் என்று பெயர். மங்ராய் அரசர் 1296-ல் சியாங் மாயை நிறுவினார். அந்த 700 ஆண்டைக் கணக்கு வைத்து, 1995 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. ஓட்டப்பாதை சுற்றிவரும் பெரிய மைதானம். மேற்கே தோய் சுதேப் மலை, உச்சியில் மேகம். ஆட்டம் சரியில்லை என்றால் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

எங்களைச் சுற்றித் தாய்லாந்துக்காரர்கள். இந்திய முகங்கள் அங்கொன்று இங்கொன்று. அணிகள் பயிற்சிக்கு இறங்கியபோது மகள் கேட்டாள்: "இதுல எத்தனை பேரைத் தெரியும் உங்களுக்கு?"

யோசித்தேன். பெண்கள் கால்பந்தில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கு நேரத்தில் காக்கி உடையில் பணியில் நின்ற படத்தைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

"எண்பத்து மூணு டீமைச் சொல்லுங்க" என்றாள்.

அது ஒரு வீட்டு விளையாட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காவஸ்கர், ஸ்ரீகாந்த், அமர்நாத், யஷ்பால், பாட்டீல், கபில், ஆசாத், பின்னி, மதன்லால், கிர்மானி, சந்து. அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"அதே வருஷம் பாங்காக்ல பெண்கள் ஆசியக் கோப்பை நடந்துச்சு. நம்ம டீம் ஃபைனல் வரைக்கும் போய் தாய்லாந்துகிட்டத்தான் தோத்தாங்க. அதுல ஒரு பேரு?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. 1980-லேயே நம் பெண்கள் கோழிக்கோட்டில் தைவானோடு இறுதி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். கோழிக்கோடு! ரயிலேறினால் ஒரு ராத்திரி. சாந்தி மல்லிக் என்று ஒரு பெயரைச் சொன்னாள். 1983-ல் அர்ஜுனா விருது வாங்கியவர், அதை வாங்கிய முதல் கால்பந்து வீராங்கனை. பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் பெயர் கற்றுக்கொண்டதுதான். மகள் கைப்பேசியில் பட்டியலை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். கோல் கீப்பர் பந்தோய் சானு, மணிப்பூர். கேப்டன் ஸ்வீட்டி தேவி, அவரும் மணிப்பூர். கிரேஸ் டாங்மெய், மறுபடி மணிப்பூர், உஸ்பெகிஸ்தான் கிளப்பில் ஆடிவிட்டு வந்தவர். தமிழ்நாட்டில் பாதி மக்கள்தொகைகூட இல்லாத, பாதியில் பாதிகூட இல்லாத ஒரு மலை மாநிலம் இத்தனை பேரைக் கொடுக்கிறது. பியாரி சாசா ஒடிசா, மங்கோலியாவுக்கு எதிராகத் தனியாளாக ஐந்து கோல். சௌம்யா குகுலோத் தெலங்கானாவின் நிஜாமாபாத். அஞ்சு தமாங் வடவங்காளம். மாளவிகா காசர்கோடு. மனீஷா கல்யாண் பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கம் ஒரு கிராமம். 2021-ல் பிரேசில் போய் பிரேசிலுக்கு எதிராகவே கோல் போட்டவர், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியப் பெண்.

"கார்த்திகா அங்கமுத்து" என்று அவள் வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கமுத்து! ஈராக் ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. "எந்த நம்பர்? எங்க நிக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "தமிழ்ப் பேர் வந்ததும் மட்டும் காது நீளுது பாருங்க" என்றாள். குற்றச்சாட்டு நியாயம்தான். ஆனால் அங்கமுத்து என்று ஒரு பெயர் இந்திய அணிப் பட்டியலில் வரும்போது யாருக்குத்தான் நீளாது?

ஆட்டம் தொடங்குவதற்குள் இன்னொன்றையும் சொன்னாள். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டில்தான் நடந்தது. ஈரானோடு முதல் ஆட்டம் 0-0. மூன்று நாள் கழித்து தைவான் ஆட்டத்துக்கு முன் முகாமுக்குள் கொரோனா. பதிமூன்று பேரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ஆட்டமே நடக்கவில்லை. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு. தோற்றுக்கூடப் போகாமல், சொந்த ஊர்த் திருவிழாவிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளே வெளியே. போட்டியை நடத்தும் நாடு என்பதால் அந்த முறை தகுதிச்சுற்று ஆட வேண்டியிருக்கவில்லை. அதுவரை தகுதிச்சுற்று ஆடி ஜெயித்து இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனதே இல்லை.

அன்றைய தரவரிசையில் தாய்லாந்து 46, இந்தியா 70. தாய்லாந்து இரண்டு முறை உலகக் கோப்பை ஆடிய அணி. அதுவரை அவர்களை நாம் ஜெயித்ததும் கிடையாது. மகள் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தைப் பற்றி நான் நிபுணன்போல எழுதினால் அவள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். எனக்குத் தெரிந்தவரை, பந்து தாய்லாந்தின் கால்களில் அழகாக இருந்தது, இந்தியப் பெண்கள் அது போகும் வழியில் எல்லாம் நின்றார்கள். 28-வது நிமிடம் வாக்கில் பாக்ஸுக்கு வெளியே பந்து கிடைத்த ஒருத்தி, தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தாள். வலை குலுங்கியது. சுற்றிலும் அமைதி. அந்த அமைதிக்கு நடுவே என் மகளின் கத்தல் எதிர்ப்பக்க இருக்கைகள்வரை போயிருக்கும்.

"யாரு? யாரு?"

"சங்கீதா! சங்கீதா பாஸ்ஃபோர்!"

மேற்கு வங்கத்தில் கல்யாணி என்ற ஊர்க்காரர். நடுக்களம். பட்டியலில் இந்தப் பெயரை வாசித்தபோது நான் கவனிக்கவே இல்லை. அங்கமுத்துவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை முடிந்து வந்து உட்காருவதற்குள் தாய்லாந்து திருப்பிக் கொடுத்துவிட்டது. சச்சவான் ரொத்தொங், 47-வது நிமிடம். இப்போது மைதானம் முழுக்க அவர்களுடையது. எனக்குப் பக்கத்தில் இருந்த தாய்லாந்து அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபமாகச் சிரித்து, ஒரு பொட்டலம் வறுத்த கடலையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சமனில் முடிந்தால் பெனால்டி ஷூட்அவுட் என்றாள் மகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மலை இருக்கும் திசையையே நான் பார்த்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நேற்றுவரை ஒருத்தி பெயரைத் தவிர எதுவும் தெரியாதவனுக்கு இவ்வளவு பதற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

74-வது நிமிடம். கார்னர். பந்து பாக்ஸுக்குள் வருகிறது, தலைகள் எழும்புகின்றன, அதில் ஒரு தலை பந்தை உள்ளே தள்ளிவிடுகிறது. இந்த முறை நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது. "சங்கீதா!" என்று நானும் கத்தினேன்.

மிச்சம் இருந்த பதினாறு நிமிடமும் அதற்கு மேல் கொடுத்த கூடுதல் நேரமும் எனக்குச் சரியாக நினைவில்லை. தாய்லாந்து வந்துகொண்டே இருந்தது, பந்தோய் சானு தாவிக்கொண்டே இருந்தார். கடைசி விசில் ஊதியதும் சிலர் ஓடினார்கள், சிலர் நின்ற இடத்திலேயே புல்லில் விழுந்தார்கள். 2-1. அடுத்த மார்ச்சில் ஆஸ்திரேலியா. கடலை கொடுத்த அம்மா எழுந்து கைகூப்பினார். நானும் கூப்பினேன். பொட்டலம் இன்னும் என் கையில்தான் இருந்தது, திருப்பித் தரத் தோன்றவில்லை.

வெளியே வந்து அரைமணி நேரம் நின்ற பிறகு ஒரு சோங்தேவ் கிடைத்தது. வேறு ஓட்டுநர், வயதானவர். முன்பக்கம் அவருக்குப் பக்கத்தில் மகள். ஸ்கோர் கேட்டார். அவள் இரண்டு விரலும் ஒரு விரலும் காட்டினாள். யாருக்கு இரண்டு என்று புரிந்ததும் நாக்கைத் தட்டினார். பிறகு கோல் போட்டவர் பெயரைக் கேட்டார்.

"சங்கீதா. ரெண்டும் அவங்கதான்."

"சங்கீத்!" என்று முகம் மலர்ந்தார். கைப்பேசி மொழிபெயர்ப்பில் பேசி எங்களுக்குக் காட்டினார். அது அவர்கள் மொழியிலும் உள்ள பழைய சொல்லாம். இசை என்று பொருள். வழி நெடுக இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், நான் சாந்தி மல்லிக் என்று சொல்லிப் பார்த்த மாதிரி.

வுவாலாய் போய்ச் சேர்ந்தபோது கடைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒரு நடைபாதையில் நிறைந்த பையோடு உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கியிருந்தாள். "யார் ஜெயிச்சது?" என்றாள், பேரம் பேசிய களைப்போடு.

நான் மகளை முந்திக்கொண்டு கோல் கீப்பரிலிருந்து ஆரம்பித்தேன். பந்தோய், ஸ்வீட்டி, கிரேஸ், அஞ்சு, மனீஷா, பியாரி, சங்கீதா. ஏழோடு நின்றுவிட்டது.

"மீதி நாலு?" என்றாள் மகள்.