மிதவைப் புள்ளி எண்களும் பைட் வரிசையும்

கணினியில் பின்ன எண்களைச் சேமிக்கும் மிதவைப் புள்ளி வடிவத்துக்காக 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரநிலை, 32 பிட் எண்ணில் குறி, அடுக்கு, பின்னப் பகுதி ஆகியவை எங்கெங்கே அமைய வேண்டும் என்று வரையறுத்தது. அந்த நான்கு பைட்டுகள் நினைவகத்தில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. 1.0 என்ற எண், மேல்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் கணினியில் 63, 128, 0, 0 என்றும், கீழ்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் கணினியில் 0, 0, 128, 63 என்றும் பதிவாகிறது. ஒரு வகைக் கணினி எழுதியதை மற்ற வகைக் கணினி பைட் வரிசையைத் திருப்பாமல் படித்தால் கிடைப்பது சுமார் 4.6 × 10⁻⁴¹. அச்சிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யமாகவே தெரியும். பூஜ்யத்தை வைத்துச் சோதிப்பவர்களுக்கோ பிழை கண்ணில் படவே படாது.

பைட்டுகளைத் திருப்பிய பிறகு அவற்றை மீண்டும் ஃப்ளோட் (32 பிட் மிதவைப் புள்ளி) மாறியில் வைத்திருப்பதுதான் மிக நுட்பமான ஆபத்து. திருப்பப்பட்ட பிட்டுகள் தற்செயலாக 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் சிக்னலிங் வகை (பயன்படுத்தினால் பிழை அறிவிக்கும்) மதிப்பாக அமைந்துவிட்டால், இன்டெல் வகைச் செயலிகளின் பழைய எக்ஸ்87 மிதவைப் புள்ளி அலகு அதை ஏற்றும்போதே ஒரு பிட்டை மாற்றிவிடும். மறுமுனையில் மீண்டும் திருப்பினாலும் மூல எண் கிடைக்காது. ஆகவே பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி செயல்கூறு மூலம் 32 பிட் முழு எண்ணுக்கு நகலெடுத்து, அங்கேயே திருப்பி, முழு எண்ணாகவே அனுப்ப வேண்டும். சுட்டியை வகை மாற்றிப் படிப்பதைச் சி மொழியின் ஏலியாசிங் விதிகள் (ஒரே நினைவிடத்தை எந்த வகைகளாக அணுகலாம் என்பவை) அனுமதிப்பதில்லை. பலர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

முழு எண்ணின் வரிசையே டபிளுக்கும் (64 பிட் மிதவைப் புள்ளி எண்) பொருந்தும் என்று நம்புவதும் எப்போதும் சரியன்று. ஏ.ஆர்.எம். செயலிகளின் பழைய மிதவைப் புள்ளி அமைப்பான எஃப்.பி.ஏ., லிட்டில் எண்டியன் முறையில் இயங்கியபோதும், டபிளின் மேற்பாதியை முதலில் வைத்தது.