பேட்டரி போட்ட ஏர் ரைஃபிள், அதுவும் செகண்ட் ஹேண்டில்

"ஏர் ரைஃபிளுக்கு எதுக்குங்க பேட்டரி?" என்று மனைவி கேட்டாள், செகண்ட் ஹேண்டில் எலக்ட்ரானிக் ரைஃபிள் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதும். நியாயமான கேள்விதான்.

சாதாரண பிசிபி ரைஃபிளில், அதாவது காற்றை முன்கூட்டியே அழுத்தி நிரப்பி வைக்கும் ரகத்தில், ட்ரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் ஒரு சுத்தியல் போய் வால்வைத் தட்டும், வால்வு திறந்து, சிலிண்டரில் அடைத்து வைத்த காற்று பெல்லட்டை (சின்னக் குண்டு) தள்ளும். நான் வாங்கப் போன, டேஸ்டேட் கம்பெனியின் ரெட் வுல்ஃப் மாதிரியான எலக்ட்ரானிக் மாடல்களில் ட்ரிகர் வெறும் ஸ்விட்ச். அது சர்க்யூட் போர்டுக்குச் சொல்லும், போர்டு சோலினாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்குக் கரண்ட் விடும், சோலினாய்டு வால்வைத் தட்டும். சிலிண்டரில் அழுத்தம் இறங்க இறங்க எவ்வளவு பலமாகத் தட்டணும் என்பதையும் போர்டே கணக்குப் போட்டுக்கொள்வதால் முதல் ஷாட்டும் நாற்பதாவது ஷாட்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும். ஸ்டெயர் போட்டித் துப்பாக்கிகளில் வரும் எலக்ட்ரானிக் ட்ரிகர் வேறு சமாச்சாரம், அங்கே சுத்தியல் அப்படியே இருக்கும், அதை விடுவிக்கும் வேலை மட்டும்தான் மின்சாரத்துக்கு. விற்கிறவர்களே இதைக் குழப்பிச் சொல்வதுண்டு.

நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லேண்ட்ஸ் பக்கம். டேஸ்டேட்டும் பக்கத்து ஸ்டாஃபோர்ட்ஷயர் கம்பெனிதான், 1978-லிருந்து இருக்கிறது. இங்கே 18 வயதாகியிருந்து ரைஃபிள் 12 அடி-பவுண்டு சக்தியைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து அதற்கும் சான்றிதழ் கேட்கிறார்கள். 12-ஐத் தாண்டிவிட்டால் இங்கேயும் அது சட்டப்படி 'ஃபயர் ஆர்ம்', சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். முன்பு வைத்திருந்தவர் உள்ளே கை வைத்திருந்தால் மாட்டப்போவது வாங்கினவன்தான்.

அதனால் நான் முதலில் கேட்டது பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப். விற்றவர் ரிட்டயர்டு மனிதர், முகம் சுளிக்காமல் கொல்லைப்புறத்தில் எடுத்து வைத்தார். 8.44 கிரெயின் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 800 அடி போனால் 12 அடி-பவுண்டைத் தொட்டுவிடும். இது 780-ஐ ஒட்டியே நின்றது, அதாவது 11.4 சொச்சம். ஒரு மேகசின் முழுக்கச் சுட்டும் எண் பெரிதாக ஆடவில்லை. ஆடியிருந்தால் பேட்டரியோ சென்சாரோ வால்வோ, எது என்று கண்டுபிடிக்கவே தனிச் செலவு.

ஸ்டாக்கில், அதாவது துப்பாக்கியின் மரக்கட்டையில், இரண்டு கீறல். அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லித்தான் கிளப்பில் நண்பர்கள் அனுப்பியிருந்தார்கள். எனக்கென்னமோ கீறலில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. ஸ்பிரிங் துப்பாக்கி கெட்டால் ஓரளவு கைவேலை தெரிந்தவர் யாராவது பிரித்து மாட்டிவிடுவார், போர்டு போனால் அந்தப் போர்டு இன்னும் கிடைக்கிறதா, மாட்டித்தர ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம். ரொம்பப் பழைய எலக்ட்ரானிக் மாடல்கள் மலிவாக வருவதற்கு இதுவே பாதிக் காரணம் என்பேன். ரெட் வுல்ஃப் 2017-ல் வந்தது, அந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

அப்புறம் ஸ்டாக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பேட்டரி கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் ஈரத்தில் வைத்திருந்தார் என்று அர்த்தம். இதில் பித்தளை நிறம் அப்படியே இருந்தது, ஒயர் எங்கேயும் நசுங்கவில்லை. பேட்டரி மட்டும் துப்பாக்கியோடு வந்த பழசு, அதன் விலையைக் கழித்துக்கொண்டார். ஒரிஜினல் சார்ஜர் இருந்தது. முதல் நாள் இரவே காற்று நிரப்பி வைக்கும்படி போனில் சொல்லியிருந்தேன், மறுநாள் நான் போனபோது அழுத்தம் இறங்கவில்லை.

சுட்டுப் பார்த்தால் முதலில் ஒரு மாதிரிதான் இருக்கும். ஸ்பிரிங் அதிரும் அந்த 'டொய்ங்' இல்லை. விரல் ட்ரிகரில் அழுத்திக்கொண்டே போகும், எங்கே விடுபட்டது என்று உணர்வதற்குள் பெல்லட் போயிருக்கும். கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்குப் பிடித்திருக்கிறது. சைலன்சரும் இரண்டு மேகசினும் சேர்த்தே கொடுத்துவிட்டார். ஸ்கோப்பைத் தனி விலைக்குச் சொன்னார், அது அடுத்த மாதச் சம்பளம் வந்த பிறகு.