அம்மாவின் இடது கண்

மார்ச் 4
சர்க்கரை 212. கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போனது.

மார்ச் 5
தூக்கம் வரவில்லை. ஆச்சியின் சோடாபுட்டிக் கண்ணாடியே நினைவில் நிற்கிறது. அந்தக் காலத்து முகாமில் புரையைக் கண்ணின் வில்லையோடு (லென்ஸ்) எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. பத்துப் பவரில் கண்ணாடிதான். வாசற்படி கிட்டே வந்துவிட்டதுபோலத் தெரியும். ஆச்சி முன்கூட்டியே காலைத் தூக்கித் தடுமாறுவாள். நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 9
148. அப்பாடா.

மார்ச் 11
உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே உட்கார்ந்து போனில் படித்தேன். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லு உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்து, 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினாராம். 1992-லிருந்து நம் மதுரையிலேயே, அரோலேபில், வில்லை செய்கிறார்கள். பாதி படிப்பதற்குள் அம்மா நடந்தே வந்துவிட்டாள். ஆச்சி நாள்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடந்தவள்!

ஆட்டோவில் ரிட்லி கதையைச் சொன்னேன். "நூத்தம்பது கேக்கான், அதைப் பாரு" என்றாள்.

மார்ச் 12
கட்டைப் பிரித்தாயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பேச்சு: "சுவத்துக்கு எப்போ நீலம் அடிச்ச?"

அடிக்கவே இல்லை. எட்டு வருடமாக அதே நீலம்.

அப்புறம் ஃபேன் இறக்கையில் தூசி, அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு, குடத்தின் கழுத்தில் கறுப்பு. "இதுலயா இத்தனை நாளும் தண்ணி குடிச்சோம்?" திட்டெல்லாம் எனக்கு.

மார்ச் 14
ஆறு மணி சொட்டு மருந்தை மறந்தேன். 6.40-க்குத்தான் விட்டேன். ஒன்றும் ஆகாது. ஆகுமோ?

மார்ச் 15
அம்மாவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. வலது கண்ணை மூடினால் அப்பா போட்டோவில் சட்டை வெள்ளை. இடதை மூடினால் டீயில் நனைத்த மாதிரி. "நான் சந்தனக் கலர்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு 51 ஆகிறது. அந்தச் சட்டை எனக்கும் லேசாக மஞ்சளாகத்தான் தெரிகிறது. போட்டோ பழசானதாலா? காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் மஞ்சளோ?

மார்ச் 17
குனியாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கட்டிலுக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். கத்திவிட்டேன். மாலை வரை பேச்சில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மார்ச் 19
வலது கண்ணுக்கு ஏப்ரல் 2 என்றார்கள். வேண்டாமாம். "ரெண்டு கண்ணும் தெரிஞ்சா இந்த வீட்டை யாரு துடைக்கிறது?"

மார்ச் 20
சர்க்கரை 190. காலண்டரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடி பார்த்தேன்.