எல்லவில் டெக்னோ, தெமோதரையில் தப்பு

அட்டனில் நான் ஏறிய கோச்சி, இலங்கை மலையகத்தின் எல்ல ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது பனி மூடியிருந்தது. ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கத்தான் இங்கே எல்லோரும் வருகிறார்கள். நான் வந்தது ஒரு தம்பியின் இசையைக் கேட்க. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த அவர், எல்லவில் ஒரு விடுதி முற்றத்தில் சனிக்கிழமை இரவுகளில் டிஜேயாக டெக்னோ இசைக்கிறார்.

1980களில் டெட்ராய்ட்டின் கறுப்பின இளைஞர்கள் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றோர் உருவாக்கிய மின்னணு இசை இது. ஒவ்வொரு தட்டிலும் தவறாமல் விழும் கனத்த டிரம் ஒலியான கிக் அடிதான் இதன் முதுகெலும்பு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பவர்கள் அந்த அடியை மட்டும்தான் கேட்கிறார்கள்.

நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நிமிடத்துக்கு 122 அடியில் தொடங்கினார். ஆடுகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டின் கீழ் ஒலியான பேஸை முழுவதும் அடக்கி, மேல் ஒலிகளை மட்டும் மெல்லக் கசியவிட்டார். 32 தாளச் சுற்று முடிந்த இடத்தில் ஒரு கை பழைய பேஸை மூடியது, மறு கை புதியதைத் திறந்தது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் சேறாகிவிடும். சரியாக மாறினால் பாட்டு மாறியதே யாருக்கும் தெரியாது. பழகாத ஓர் ஒலியை உள்ளே அழைத்துவர அதைவிட நல்ல நேரம் இல்லை.

பதினொரு மணிக்கு, பண்டாரவளையிலிருந்து வந்த நான்கு பையன்கள் கைபேசியை நீட்டி ஒரு சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். முன்னால் ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணிகளோ இன்னும் கடுமையான அடிக்குக் காத்திருந்தார்கள். போட்டால் ஒரு பாதி கலையும், மறுத்தால் மறு பாதி. “கொஞ்சம் பொறுங்கள்” என்றார் தம்பி. இரண்டு பாட்டுக் கழித்து, கிக் அடி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் எங்கள் தோட்டத்துப் பறையான தப்பு எழுந்தது.

மாசியில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு அவருடைய சித்தப்பா அடித்ததைப் பதிவு செய்தது அது. “முதல் தடவை முழுப் பதிவையும் அப்படியே போட்டேன் அண்ணே, பாதியில் ஆட்டம் சிதறிவிட்டது” என்றார். மனிதக் கை சற்று முந்தும், சற்றுப் பிந்தும், இயந்திரம் அசையாது. அதனால் நான்கு நான்கு சுற்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முதல் அடியையும் கிக்கின் மேல் பொருத்தியிருக்கிறார். பையன்கள் ஓடி நடுவுக்கு வந்தார்கள். பயணிகளில் ஒருவரும் விலகவில்லை. பையன்கள் வாயால் கேட்டது சினிமாப் பாட்டுத்தான். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த முற்றத்தில் தங்கள் ஊர் ஒலி. அதை அறிந்து கொடுத்த தம்பியைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

காலையில் சித்தப்பாவைப் பார்க்கத் தெமோதரை போனோம். ஒரு காலத்தில் விடியலில் தோட்டத்துச் சனத்தைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பியதும் தப்புத்தான். காமன் கூத்தில் பெரியவர்களுக்கு ஓர் அடி பிடிக்கும், இளசுகளுக்கு வேறு அடி பிடிக்கும், எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன்.

“ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் அடியை மாற்றுவேன், தம்பி.”

பனிக்குத் தோல் தொய்ந்திருந்தது. வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றி அனலில் காட்டினார். குச்சியால் ஒருமுறை தட்டிக் காது கொடுத்தார். போதவில்லை. மீண்டும் அனலுக்குக் கொண்டுபோனார்.