ஆக்ஸிடோசின் ஊசி: லேபர் ரூமில் நாங்கள் செய்யும் முறை

பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து, அதிக ரத்தப்போக்கைத் தடுக்கப் போடுவது ஆக்ஸிடோசின். குழந்தையின் தலை தெரியத் தொடங்கும்போதே சிரிஞ்சில் மருந்தை ஏற்றிவிடுகிறோம். குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் தொடைத் தசையில் இறங்க வேண்டும். பிறந்தபிறகு ஆம்பூலை (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) தேடினால் அந்த நிமிடம் தேடுவதிலேயே போய்விடும். இங்கே கைக்கு வருவது பெரும்பாலும் 5 யூனிட் ஆம்பூல், ஆகவே இரண்டு உடைக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

போடுவதற்கு முன் வயிற்றில் கை வைத்து, உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் சரி. ட்ரிப் ஓடுகிறதே என்று 10 யூனிட்டையும் நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள், பி.பி. சட்டென்று இறங்கிவிடும்.

மருந்து இருக்க வேண்டிய இடம் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையவும் கூடாது. காலையில் எடுத்து ட்ரேயில் வைத்துவிட்டு இரவு வரை அங்கேயே விடுவதுதான் பெரிய வம்பு. வீரியம் போனாலும் மருந்து தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது.

ஃப்ரிட்ஜை நம்ப முடியாத இடத்துக்கு, இதே வேலைக்கு, வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் ஊசி இருக்கிறது. 10 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் அது ஆக்ஸிடோசினுக்குக் குறையவில்லை. ஊசியே போட வழியில்லை என்றால் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, வாய்வழியாக. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம் என்று தாயிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஈரக்காற்று பட்டால் மாத்திரை கெடும். கொடுக்கும்போதுதான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் என்றால் முதலில் பி.பி. பார்க்க வேண்டும்; உயர்ந்திருந்தால் அதைத் தொடவே கூடாது.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தொப்புளை ஒட்டி அழுத்திப் பார்த்தால் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். தொளதொளவென்று இருந்தால் தேய்த்துவிட்டு, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்கிறோம். கெட்டியாக இருந்தும் ரத்தம் வழிகிறதா? பிறப்புப் பாதையில் கிழிசலைத் தேடுங்கள், ஆக்ஸிடோசினை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைத்தே சொல்வோம். ரத்தத்தைப் பிடிக்க அளவுக் கோடு போட்ட பை நல்லது. ரத்தப்போக்கு அதிகமானால் மற்ற சிகிச்சையோடு, ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பில். பிறந்து மூன்று மணி நேரம் தாண்டினால் அதைக் கொடுப்பதில்லை. அதனால் பிறந்த நேரத்தை கேஸ் ஷீட்டில் கொட்டை எழுத்தில் எழுதுகிறோம். ரெஃபர் செய்தாலும் அந்தத் தாள் ஆம்புலன்ஸில் தாயோடு போகும்.